ஆடிட்டுக்கு வந்த அம்மாள் கேட்ட கேள்வி

பெண் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்துவிட்டால் நம் வீடுகள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. பரணில் கிடந்த பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் துலக்கு நடக்கும். கிழிந்த பாய் கட்டிலுக்கடியில் போகும். ஓயாமல் இருமும் தாத்தாவைப் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிவிடுவோம். வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "நல்ல குடும்பம்" என்று சொல்லிப் போவார்கள். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் தாத்தா வந்துவிடுவார், பாயும் வெளியே வந்துவிடும்.

எங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. 'ஆடிட்' என்போம். வரவு செலவு பார்க்கிற ஆடிட் இல்லை இது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடை வைத்திருக்கும் பெரிய கம்பெனிகள் நம் ஊரில் துணி தைத்து வாங்குகிறார்கள் அல்லவா? அவர்களைப் 'பையர்' என்று சொல்வோம். எங்களுக்குத் துணி தைக்கிற இடத்தில் சின்னக் குழந்தைகள் வேலை செய்யக் கூடாது, யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, வாரத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நெருப்புப் பிடித்தால் ஓட வழி இருக்க வேண்டும், பெண்களிடம் மரியாதையாக நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு பையரும் நடத்தை விதி எழுதி வைத்திருக்கிறார். அதன்படி நடக்கிறதா என்று பார்க்க ஆள் வரும் நாள்தான் ஆடிட் நாள்.

இதைப் பெண்கள் பத்திரிகையில் எழுதுவானேன் என்று தோன்றலாம். இந்தியாவிலிருந்து கப்பலேறும் பின்னலாடையில் பாதிக்கு மேல் எங்கள் ஊரிலிருந்துதான் போகிறது. அதைத் தைப்பதும், மடிப்பதும், பிசிறு வெட்டுவதும் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். இந்தச் சம்பளத்தில் அடுப்பெரியும் வீடுகள் எங்கள் தெருவில் மட்டும் பத்துக்கு மேல் உண்டு.

போன ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்கா மகள் வந்தாள். இருபத்திரண்டு வயது. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் டெய்லர். காபி கூடக் குடிக்காமல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"சித்தி, வர்ற புதன்கிழமை ஆடிட். லைனுக்கு ரெண்டு பேர் பேசறதுக்குத் தயாரா இருக்கணுமாம். என்னையும் சொல்லியிருக்காங்க. என்ன கேட்டா என்ன சொல்லணும்னு இதுல எழுதியிருக்கு. நீங்க படிச்சுப் பாருங்க."

படித்தேன். 'தினமும் எட்டு மணி நேரம்தான் வேலை. ஓவர்டைம் விருப்பப்பட்டால் மட்டும். அதற்கு இரட்டைச் சம்பளம். யாரும் திட்டுவதில்லை. அவசர வழி எப்போதும் திறந்திருக்கும்.' தாள் என் கையில் நடுங்கியது. வார்த்தை மாறாமல் இதே பதில்களை நான் ஒருமுறை ஒப்பித்திருக்கிறேன். இந்தப் பெண் பிறப்பதற்கும் முன்னால்.

2002-ல் நடந்தது அது. பத்தாவது முடித்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, 1999-ல் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து, தொங்கும் நூலை வெட்டிப் போட வேண்டும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே. இதற்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். கப்பல் தேதி நெருங்கினால் விடிய விடிய நைட்டும் உண்டு. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் அந்த அலுப்பெல்லாம் கடைவீதியில் பறந்துவிடும், அதையும் சொல்லத்தான் வேண்டும். என் சம்பளத்தில் நான் வாங்கிய முதல் பூனம் புடவை இன்றைக்கும் என் பீரோவில் இருக்கிறது.

என் மேஜைக்குப் பக்கத்து மிஷினில் ஒரு சின்னப் பெண் கைமடியாக இருந்தாள். டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தைத்து விழுவதை மடித்து அடுக்கும் எடுபிடி வேலைதான் கைமடி. தேனிப் பக்கம் அவளுக்கு. வயது பதின்மூன்று. பதினான்கு நிறையாத பிள்ளையைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்று 1948-லேயே சட்டம் வந்தாயிற்று. அது அவளுக்கும் தெரியாது, அவள் அம்மாவுக்கும் தெரியாது. மத்தியானம் என்னோடுதான் உட்கார்ந்து சாப்பிடுவாள். என் புளிக்குழம்பு என்றால் உயிர். சம்பளக் கவரில் கைநாட்டு வைக்க வெட்கப்படுகிறாள் என்று, சாப்பாட்டு நேரத்தில் அவள் பேரை எழுதச் சொல்லிக் கொடுத்தேன். பத்தே நாளில் கற்றுக்கொண்டாள்.

ஆடி மாதம் ஆடிட் என்று சொன்னார்கள். ஒரு வாரத்துக்கு முன்பே சுவருக்குச் சுண்ணாம்பு. கக்கூஸில் புது வாளி, புது மக், சோப்பு. முதலுதவிப் பெட்டிக்குள் பிரிக்காத பஞ்சு உருண்டை. பின்பக்கப் படிக்கட்டில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள் எல்லாம் லாரி ஏறின. அங்கே ஒரு படிக்கட்டு இருப்பதையே அன்றுதான் பல பேர் பார்த்தோம்! நடத்தை விதி தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சடித்து வாசலில் தொங்கியது. ஹாஜர் நோட்டு இரண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். உண்மை நோட்டு முதலாளி வீட்டுக்குப் போனது, அழகு நோட்டு மேஜைக்கு வந்தது.

ஆடிட் அன்று காலையில் சின்னப் பிள்ளைகள் ஒன்பது பேரை வேனில் ஏற்றி, தயிர்சாதப் பொட்டலம் கொடுத்து, அவிநாசி கோயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. சாயங்காலம் திரும்பி வரும்போது இந்தப் பெண் எனக்காகக் காகிதத்தில் விபூதி மடித்து எடுத்து வந்தாள்.

நான் பத்தாவது படித்தவள், திக்காமல் பேசுவேன் என்பதால் என்னைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். நூல் புடவை, கண்ணாடி. கன்னடம் கலந்த தமிழ். மரியாதையாகத்தான் பேசினார். நைட் வேலை உண்டா? இல்லீங்க. சின்னப் பிள்ளைங்க வேலை செய்யறாங்களா? இல்லீங்க. அந்தப் பின்படி எப்பவும் இப்படித்தான் காலியா இருக்குமா? ஆமாங்க.

எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "வேற ஏதாவது சொல்லணுமாம்மா? நீ சொன்னதுன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

கதவில் மங்கல் கண்ணாடி. அதற்கு வெளியே மேனேஜரின் நிழல் நின்றுகொண்டிருந்தது. "ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

பயந்து மட்டும் சொன்ன பொய் அல்ல. தம்பிக்கு ஐ.டி.ஐ. பீஸ் கட்ட வேண்டியிருந்தது. ஆர்டர் போனால் நூற்றைம்பது பேர் வீட்டுக்குப் போவோம் என்று சொல்லியிருந்தார்கள். கம்பெனி நன்றாயிருந்தால்தானே நாம் நன்றாயிருப்போம் என்று நம்பித்தான் சொன்னேன். ஆடிட் பாஸ் ஆயிற்று. ஆளுக்கு நாலு மைசூர்பாகு கொடுத்தார்கள்.

மறுவாரமே பெட்டிகள் படிக்கட்டுக்குத் திரும்பிவிட்டன.

தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும். அவசர ஆர்டர். இரவு ஏழு மணிக்கு அயர்னிங் செக்‌ஷனில் ஒயர் பற்றிக்கொண்டது. நெருப்பு பெரிதில்லை, மணல் வாளியிலேயே அணைத்துவிட்டார்கள். புகைதான் மாடி முழுக்க. முன்படியில் நெரிசல். யாரோ, "பின்னாடி போங்க!" என்று கத்த, பாதிப் பேர் அங்கே ஓடினோம். பெட்டிகள். இந்தப் பெண் ஒல்லி, அதனால் பெட்டி மேல் ஏறித் தாவினாள். அடுக்கு சரிந்தது. ஏழெட்டுப் படி உருண்டு, வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. நோட்டில் பேர் இல்லாத பிள்ளைக்கு ஈ.எஸ்.ஐ. எங்கிருந்து வரும்? வேலையே செய்யாத பிள்ளைக்கு நஷ்ட ஈடு எப்படிக் கேட்பது? கட்டுப் போடும் வைத்தியரிடம் காட்டி, கையில் ஆயிரத்தைந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். படி காலியாக இருக்கும் என்று சொன்னதும் நான், சின்னப் பிள்ளைகள் இல்லை என்று சொன்னதும் நான். இரண்டு பொய்யும் ஒரே பிள்ளையின் கையில் போய் விழுந்தன. பஸ் ஏற்றிவிட நான்தான் போயிருந்தேன். ஜன்னல் வழியாக அவள் கேட்டாள்: "அக்கா, கையெழுத்தை இடது கைல போட்டா ஒத்துக்குவாங்களா?"

2005-ல் கல்யாணமாகி வேலையை விட்டேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அன்று அந்தத் தாளைப் பார்த்ததும் அக்கா மகளிடம் முழுவதும் சொல்லிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்ப நான் என்ன சொல்லட்டும் சித்தி?" என்றாள்.

சட்டென்று பதில் சொல்லிவிட முடியவில்லை. எங்கள் தெருவில் தொழிற்சங்கத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா இருக்கிறார். அன்று சாயங்காலமே அவரிடம் போனோம். அவர் சொன்னதையும், கொடுத்த புத்தகங்களில் படித்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

விதி வந்த கதை

இந்த நடத்தை விதிகளுக்கு வயது முப்பத்து சொச்சம்தான். ஜீன்ஸ் விற்கும் லீவைஸ் கம்பெனி 1991-ல் தனக்குத் தைத்துக் கொடுப்பவர்களுக்கென்று விதி எழுதியது. ஏழை நாடுகளில் குழந்தைகள் தைத்த துணி என்று அங்கே பத்திரிகைகளில் படமும் செய்தியும் வர, மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுதினார்கள். 1997-ல் எஸ்.ஏ. 8000 என்ற சான்றிதழ் முறை வந்தது. எங்கள் ஊரிலும் பல கம்பெனி வாசலில் அந்தப் பலகையைப் பார்க்கலாம்.

பாகிஸ்தானில் கராச்சி நகரத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்கு, 2012 ஆகஸ்டில் இதே எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்தது. சில வாரங்கள்தான். செப்டம்பர் 11-ஆம் தேதி அங்கே தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அது பணம் கேட்டு மிரட்டியவர்கள் வைத்த தீ என்று பிற்பாடு 2020-ல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீயை யார் வேண்டுமானாலும் வைத்திருக்கட்டும். ஜன்னலுக்குக் கம்பி போட்டதும், வெளியேறும் கதவைப் பூட்டி வைத்ததும் யார்? சான்றிதழ் கொடுக்க வந்தவர்கள் கண்ணில் அது எப்படிப் படாமல் போனது?

அடுத்த வருஷமே வங்காள தேசம். டாக்கா பக்கத்தில் சாவர் என்ற ஊரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23-ஆம் தேதி தூணில் விரிசல் கண்டது. கீழே இருந்த வங்கி தன் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேலே இருந்த ஐந்து ஆடைக் கம்பெனிகளின் பெண்களை மட்டும் மறுநாள் காலையில் வேலைக்கு வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். 24-ஆம் தேதி கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இறந்தவர்கள் 1,134 பேர். அங்கேயும் ஆடிட் நடந்துதான் இருந்தது, கட்டடத்தின் உறுதியைப் பார்ப்பது எங்கள் வேலையில்லை என்றார்கள். எனக்கு உறைத்தது என்னவென்றால், அந்தப் பெண்கள் விரிசலைக் கண்ணால் பார்த்தவர்கள். உள்ளே போக மாட்டேன் என்று அழுதவர்கள். அவர்கள் சொல்லைக் கேட்க ஆள் இல்லை.

அதற்குப் பிறகுதான் 2013 மே மாதம் பையர்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். மீறினால் கோர்ட்டுக்குப் போகக்கூடிய ஒப்பந்தம். என்ஜினீயர்கள் போய்ப் பார்த்த குறைகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டன. ஆபத்து என்று தெரிந்தால் உள்ளே போக மறுக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. மற்ற ஆடிட்டெல்லாம் எப்படித் தெரியுமா? பல இடங்களில் பரிசோதனைக்கு வருகிறவருக்குக் கூலி கொடுப்பதே கம்பெனிதான். ரிப்போர்ட் பையருக்குப் போகும், முதலாளிக்குப் போகும். பேசின பெண்ணுக்கு அதில் என்ன எழுதினார்கள் என்பது தெரியவே தெரியாது.

இன்னொன்றும் சொன்னார் அந்த அக்கா. தையல் ஹாலைத்தான் பார்க்கிறார்கள், நூல் வரும் மில்லை எட்டிப் பார்ப்பதில்லை என்று. சுமங்கலித் திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்று வருஷம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று பிள்ளைகளைக் கூட்டிப் போனார்களே, அதுதான். 2011-ல் ஐரோப்பிய அமைப்புகள் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்ட பிறகுதான் பல பையர்களுக்கு நூல் எங்கிருந்து வருகிறது என்ற யோசனையே வந்தது.

விலை விஷயமும் இருக்கிறது. ஒரு கையால் விதியை நீட்டுகிற பையர், மறு கையால் பீஸுக்கு விலையைக் குறைக்கிறார், தேதியையும் நெருக்குகிறார். கத்தரிக்காய்க்காரியிடம் அடிமட்டத்துக்குப் பேரம் பேசிவிட்டு, "உன் பிள்ளையை ஏன் பள்ளிக்கூடம் அனுப்பலே?" என்று கேட்பது மாதிரி. (நானும் பேரம் பேசுகிறவள்தான், ஒத்துக்கொள்கிறேன்.)

திண்டுக்கல்லில் நடந்தது

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு விஷயம் நடந்திருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் ஒருத்தி கொலையானாள். அவளுடைய சூப்பர்வைசர் கைதானார். அங்கும் வெளிநாட்டுப் பெரிய பிராண்டுகளுக்குத்தான் தைத்தார்கள். விதித் தாள் இல்லாமலா இருந்திருக்கும்?

பெண்களே தலைமை வகிக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற சங்கம் ஒரு வருஷத்துக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் அந்தக் கம்பெனியோடும் பையர்களோடும் ஒப்பந்தம் போட வைத்தது. அதில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: இருபத்தைந்து பேருக்கு ஒருத்தி என்று தொழிலாளிகளிலிருந்தே பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அசிங்கமான பேச்சோ, தொடுவதோ, கதவு பூட்டியிருப்பதோ, எதுவானாலும் பக்கத்து மிஷின்காரியிடமே சொல்லலாம். சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது. கம்பெனி சரி செய்யாவிட்டால் பையர் வியாபாரத்தில் கை வைக்க வேண்டும். முதல் வருஷத்தில் 185 புகார் வந்து, அதில் 182 தீர்ந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் பெங்களூர் அம்மாள் வந்து எட்டிப் பார்ப்பதற்கும், தினமும் நம் பக்கத்திலேயே ஒருத்தி இருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அப்படி ஒருத்தி 2002-ல் எங்கள் மேஜையில் இருந்திருந்தால் அந்தப் பெட்டிகளை நானே காட்டிக்கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா உட்கார்ந்திருந்தாள். விஷயம் தெரிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கென்ன, நீ வீட்டுல இருக்கற. இவ சம்பளம் நின்னா நீயா வாடகை குடுப்ப? இருபது வருஷத்துக்கு முந்தி நீ வாயத் தொறந்தியா? இப்ப எம்புள்ளைய மட்டும் தொறக்கச் சொல்ற!"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. மாப்பிள்ளை தவறி மூன்று வருஷமாகிறது. இந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. நான் வாயடைத்துப் போய் நின்றேன். கடைசியில் பெண்தான், "அம்மா, நான் தனியா சொல்லலை, நாலு பேர் சேர்ந்து சொல்றோம்" என்றாள்.

அதுதான் சங்கத்து அக்கா சொல்லிக்கொடுத்த வழி. ஒருத்தி மட்டும் சொன்னால் யார் சொன்னது என்று விரல் நீட்டிவிடலாம். நாலு லைனிலிருந்து நாலு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் யாரை நீட்டுவது? தெரிந்ததை மட்டும் சொல்லு, கேள்விப்பட்டதைச் சொல்லாதே, ஆபீஸ் ரூம் வேண்டாம், கேன்டீன் பக்கம் வந்து பேசுங்கள் என்று கேளு, போன் நம்பர் வாங்கிக்கொள் என்றார். பிள்ளைகள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். மூன்று விஷயம். இரண்டாவது மாடி சூப்பர்வைசரின் வாய். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று சட்டம் சொல்வதும், கையில் வருவது ஒற்றைச் சம்பளமாக இருப்பதும். மூன்றாவது, பின்பக்கப் படி. ஆமாம், அங்கேயும் பெட்டிதான்.

இங்கே ஒரு விஷயம். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் பெண்களுக்கான புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ல் சட்டம் வந்திருக்கிறது. தலைவி பெண்ணாக இருக்க வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் கம்பெனியில் அந்தக் குழுவின் பேர்ப் பலகை எங்கே இருக்கிறது என்று தேடினால், ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறதாம்! உங்கள் பெண்ணோ மருமகளோ வேலைக்குப் போனால், சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். நம்பர் மூன்றையும் வாங்கிப் பாருங்கள். அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்றும் விசாரியுங்கள். சின்னப் பிள்ளை வேலை செய்வதைக் கண்டால் 1098-க்கு ஒரு போன் போதும்.

புதன்கிழமை எனக்கு அடுப்பில் எதை வைத்தேன் என்றே தெரியவில்லை. ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டு, என் வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் பெண் வந்தாள். நாலு பேரும் சொல்லிவிட்டார்களாம். வந்தவர் இளம் வயதுப் பையன், பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டானாம். நம்பரும் கொடுத்தானாம்.

மறுநாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் அந்தச் சூப்பர்வைசரை மூன்றாவது மாடிக்கு மாற்றினார்கள். மாடிதான் மாறியது, வாய் மாறவில்லை. அந்த மாடிப் பெண்கள் புகார்க் குழுவுக்கு எழுதிக் கொடுக்க யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இரட்டைச் சம்பளம் வரவில்லை. "மேலே பேசணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். யாருக்கும் வேலை போகவில்லை. அக்கா இப்போது என்னோடு பேசுகிறாள், கொஞ்சம் முறைப்பாகத்தான்.

திங்கட்கிழமை தோறும் வேலை விட்டு வரும்போது அந்தப் பெண் என் வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றேதான்.

"படியில பெட்டி இருக்கா கண்ணு?"

"ரெண்டு இருந்துச்சு சித்தி. நாங்களே தூக்கி அந்தப் பக்கம் வெச்சிட்டோம்."